வடிவம் பிழைத்தால் கட்டடம் பிழைக்காது: சபரகமுவ மலைச்சரிவுகளில் கட்டுவோர் கவனத்திற்கு

2023 பெப்ரவரி 6 ஆம் திகதி அதிகாலை துருக்கியையும் சிரியாவையும் உலுக்கிய நில அதிர்வின் காட்சிகளை நாம் எவரும் இலகுவில் மறந்துவிட முடியாது. 7.8 அளவிலான முதல் அதிர்வும், அதே நாளில் வந்த இன்னொரு பெரும் அதிர்வும் துருக்கியில் மட்டும் 50,000 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டன. எமது பள்ளிவாசல்களில் அவர்களுக்காக துஆச் செய்தோம், நிதி சேகரித்தோம். ஆனால் அந்தக் காட்சிகளில் ஒரு பாடமும் இருந்தது. ஒரே தெருவில் ஒரு கட்டடம் மாடிக்கு மேல் மாடியாக அடுக்கிவைத்த ரொட்டி போலச் சப்பளிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டடம் நின்றுகொண்டிருந்தது. இரண்டுக்கும் கீழே ஆடியது ஒரே நிலம்தான். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

கம்பியின் அளவு, கொங்கிரீட்டின் தரம், அத்திவாரம், மண் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றோடு சேர்த்து எண்ணப்படவேண்டிய ஒன்று கட்டடத்தின் வடிவம். நாம் அதிகம் பேசாத விடயமும் அதுதான். சீமெந்தின் விலையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். வரைபடத்தில் கட்டடம் எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பற்றி, முகப்பு அழகாக இருக்கிறதா என்று கேட்பதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை.

துருக்கிக்கு நடந்தது நமக்கு ஏன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலில் அதற்கே பதில் தேடுவோம்.

நமது நாட்டில் நிலம் ஆடுமா?

இலங்கை இரண்டு புவித்தட்டுகள் மோதும் எல்லையில் அமைந்திருக்கவில்லை. துருக்கி, ஈரான், இந்தோனேசியா போன்ற நாடுகளின் நிலை வேறு, எமது நிலை வேறு. எனவே நாளைக்கே இங்கு பேரழிவு வரும் என்று மக்களைப் பயமுறுத்துவது சரியல்ல.

அதேநேரம், இங்கு நிலம் ஆடவே ஆடாது என்பதும் சரியல்ல. 2020 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை கண்டி மாவட்டத்தின் திகன, விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய பகுதிகளில் சிறிய அதிர்வுகள் பல தடவை உணரப்பட்டன. துருக்கி நில அதிர்வு நடந்து நான்கு நாட்களில், 2023 பெப்ரவரி 10 ஆம் திகதி புத்தல, வெல்லவாய பிரதேசங்களிலும் சிறு அதிர்வு பதிவானது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் பல்லேகலை உள்ளிட்ட இடங்களில் அதிர்வுமானி நிலையங்களை வைத்து இவற்றைக் கண்காணித்து வருகிறது. போர்த்துக்கேயர் காலப் பதிவொன்று, 1615 ஏப்ரல் 14 ஆம் திகதி கொழும்பில் சுமார் 200 வீடுகள் இடிந்து 2,000 பேர் வரை இறந்ததாகக் கூறுகிறது. அந்த எண்ணிக்கையை ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனாலும் இது முற்றாகப் புறந்தள்ளக்கூடிய விடயமல்ல என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

சபரகமுவ மக்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ளவை என்று அடையாளப்படுத்திய மாவட்டங்களில் அடங்குகின்றன. 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்க சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை விழுங்கியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் குடியிருப்பின் மீது மண் சரிந்து 16 பேர் புதையுண்டனர். சாமசர போன்ற ஒரு மலையே பெயர்ந்து வரும்போது எந்த வடிவத்துக் கட்டடமும் தாங்காது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நாம் அன்றாடம் காண்பது அதைவிடச் சிறிய அசைவுகளை. பின்சுவரில் ஓரளவு மண் வந்து தள்ளுகிறது, அத்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் சில அங்குலம் இறங்குகிறது, மழைக்குப் பின் மதில் சாய்கிறது. இவற்றுக்கு எந்தக் கட்டடம் ஈடுகொடுக்கும், எது வெடித்துப் பிளக்கும் என்பதைத் தீர்மானிப்பதிலும் வடிவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நில அதிர்வுக்காகச் சொல்லப்படும் விதிகள் எமது மலைநாட்டில் மழைக்காலத்துக்கும் பெரும்பாலும் பொருந்துகின்றன.

நிலம் ஆடும்போது கட்டடத்துக்கு என்ன நடக்கிறது?

ஓடிக்கொண்டிருக்கும் பஸ் திடீரென பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருபவர் முன்னால் சாய்கிறார். அவரை யாரும் தள்ளவில்லை. பஸ் நின்றுவிட்டது, அவரது உடல் நிற்க மறுக்கிறது. கட்டடத்துக்கும் இதேதான். நிலம் திடீரென ஒரு பக்கம் நகர்கிறது. மேலே இருக்கும் சிலெப்பும் சுவரும் கூரையும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கின்றன. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவை தூண்களும் சுவர்களும். பாரம் எவ்வளவு அதிகமோ, அந்த இழுபறியும் அவ்வளவு அதிகம். பாரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அடிப்பகுதிக்கு அவ்வளவு சிரமம்.

சாதாரண நாட்களில் கட்டடம் மேலிருந்து கீழாகப் பாரத்தைத் தாங்குகிறது. நில அதிர்வில் பாரம் பக்கவாட்டில் வருகிறது. அந்தப் பக்கவாட்டு விசை சிலெப்பிலிருந்து பீமுக்கும், பீமிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அத்திவாரத்துக்கும் தடையில்லாமல் இறங்கவேண்டும். இந்தப் பாதை நேராகவும் சமச்சீராகவும் இருந்தால் எல்லாத் தூண்களும் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும். பாதை எங்காவது முறிந்தால், வளைந்தால், ஒரு பக்கம் ஒதுங்கினால், சுமை முழுவதும் அந்த ஓரிடத்தில் போய்க் குவியும். உடைவதும் அங்கேதான். ஒழுங்கற்ற வடிவம் ஆபத்தானது என்று பொறியியலாளர்கள் சொல்வதன் சாரம் இவ்வளவுதான்.

முறுகும் கட்டடம்

ஒரு கதவைத் தள்ளிப் பாருங்கள். பிணைச்சல் உள்ள பக்கம் அசையாது, மறுபக்கம்தான் வீசிக்கொண்டு போகும். சந்தி மூலையில் உள்ள கடைக் கட்டடங்கள் பலவும் இந்தக் கதவைப் போன்றவை. வீதியைப் பார்க்கும் இரண்டு பக்கங்களிலும் ரோலர் கதவுகள் மட்டுமே. அடுத்த காணிகளைத் தொடும் இரண்டு பக்கங்களிலும் கனமான முழுச்சுவர். பாரத்தின் மையம் கட்டடத்தின் நடுவில் இருக்கிறது, உறுதியின் மையமோ பின்மூலைக்குப் போய்விட்டது. நிலம் ஆடும்போது கட்டடம் முன்னும் பின்னும் ஆடுவதோடு நிற்காமல் அந்தப் பின்மூலையைச் சுற்றி முறுகத் தொடங்கும். வீதியோரத் தூண்கள் மற்றவற்றைவிடப் பல மடங்கு தூரம் இழுபடும்.

1985 செப்டம்பர் 19 ஆம் திகதி மெக்சிக்கோ நகரம் பாதிக்கப்பட்டபோது, அதிர்வின் மையம் அங்கிருந்து சுமார் 350 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. பழைய ஏரிப் படுகையின் மென்மையான மண் அந்த ஆட்டத்தைப் பெருக்கியது. இடிந்த, மோசமாகச் சேதமடைந்த கட்டடங்களை ஆராய்ந்தபோது பத்தில் நான்குக்கு மேற்பட்டவை மூலைக் கட்டடங்களாக இருந்தன. களுகங்கைப் பள்ளத்தாக்கில் களியும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதை இரத்தினபுரியில் இரத்தினக்கல் அகழ்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இல்லம் படையை எட்டுவதற்கு முன் எத்தனை அடி மென்மண் தோண்டவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். குழி தோண்டி மூடிய நிலத்தில் கட்டுபவர் இதை இரட்டிப்பாக யோசிக்கவேண்டும்.

1972 டிசம்பர் 23 ஆம் திகதி நிக்கரகுவாவின் மனாகுவா நகரில் நடந்தது உலகெங்கும் பொறியியல் மாணவர்களுக்கு இன்றும் கற்பிக்கப்படுகிறது. அங்கு இரண்டு வங்கிக் கட்டடங்கள் அருகருகே இருந்தன. மத்திய வங்கிக் கட்டடத்தில் படிக்கட்டும் மின்தூக்கியும் அடங்கிய உறுதியான சுவர்ப்பகுதி ஒரு முனையில் ஒதுங்கியிருந்தது. அது முறுகி மோசமாகச் சேதமடைந்தது. அதைவிட உயரமான பாங்கோ டி அமெரிக்கா கட்டடத்தில் உறுதியான சுவர்கள் நடுவில் நான்கு பக்கமும் சமமாக அமைந்திருந்தன. அது சொற்ப சேதத்தோடு நின்றது. ஒரே நகரம், ஒரே அதிர்வு. வடிவம்தான் வேறு.

‘எல்’ வடிவ வீடும் உள்மூலையும்

எமது ஊர்களில் வீடு ஒரே நாளில் கட்டி முடிவதில்லை. முதலில் இரண்டு அறையும் குசினியும். மகளுக்குத் திருமணம் என்றதும் பக்கவாட்டில் ஒரு பகுதி. மகன் வெளிநாடு போனதும் பின்னால் இன்னொன்று. முடிவில் வீடு ‘எல்’ வடிவிலோ, ‘டி’ வடிவிலோ, ‘யூ’ வடிவிலோ வந்து நிற்கும். தோட்டப்புறங்களிலும் இதேதான். 7 பேர்ச் காணியில் 550 சதுர அடியில் நேர்த்தியான செவ்வகமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட தனி வீடுகளில், குடும்பம் பெருகியதும் ஆளுக்கொரு பக்கம் தகரமும் புளொக்கல்லுமாக நீட்டிக்கொள்கிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. காணி இல்லை, தேவை இருக்கிறது.

ஆனால் ‘எல்’ வடிவத்தின் இரண்டு கைகளும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. ஒன்று தன் நீளப்பக்கமாக அசையும்போது மற்றது அகலப்பக்கமாக அசைகிறது. இரண்டும் சேரும் உள்மூலை கிழிபடுகிறது. நில அதிர்வே இல்லாமல் ஒரு கை மட்டும் மண்ணில் இறங்கினாலும் வெடிப்பு அந்த உள்மூலையில்தான் முதலில் தெரியும். இந்தியாவின் நில அதிர்வு நியமம், ஒரு பக்கத்து நீட்டம் கட்டடத்தின் மொத்த நீளத்தில் 15 வீதத்தைத் தாண்டினாலே அதை ஒழுங்கற்ற வடிவமாகக் கணக்கிடுகிறது. அதாவது 40 அடி வீட்டில் 6 அடிக்கு மேல் நீட்டினாலே பொறியியலாளர் அதைத் தனியாகக் கவனிக்கவேண்டும்.

நீட்டக்கூடாதா? நீட்டலாம். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பழையதையும் புதியதையும் ஒட்டாமல், நடுவில் இடைவெளிவிட்டு இரண்டு தனிச் செவ்வகங்களாக நிறுத்துவது. இடைவெளி போதாவிட்டால் ஆடும்போது இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். எனவே அதன் அளவைப் பொறியியலாளரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். மற்றது, இரண்டையும் அத்திவாரத்திலிருந்து கூரை மட்டம்வரை பீம்களால் இறுக்கமாகப் பிணைத்து ஒரே உடலாக்குவது. பழைய சுவரில் நாலு கம்பியைச் செருகிவிட்டு ஒட்டவைப்பது இந்த இரண்டிலும் சேராது.

பழைய லயன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீண்டு ஒடுங்கிய ஒரே வரிசை, கருங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த சுவர், மேலே தகரம். பார்வைக்கு நேர்கோடு என்பதால் ஒழுங்கான வடிவம் என்றே தோன்றும். ஆனால் அகலத்தைப் போலப் பல மடங்கு நீளமான கட்டடத்தின் இரண்டு முனைகளும் வேறு வேறு மண்ணில் நிற்கின்றன. சுவர்களைச் சுற்றிப் பிடிக்கும் பீம் அவற்றில் பெரும்பாலும் கிடையாது.

கீழே கடை, மேலே வீடு

மாவனல்லை, எட்டியாந்தோட்டை, தெரணியகல, பலாங்கொடை, இறக்குவானை என்று எமது மக்கள் வியாபாரம் செய்யும் கடைவீதிகளில் ஒருமுறை நடந்து பாருங்கள். கீழ்த்தளத்தில் கடை. சரக்கு அடுக்குவதற்காகக் கூரை உயரம் அதிகம், வாடிக்கையாளர் தாராளமாக நடமாடவேண்டும் என்பதற்காகச் சுவர் குறைவு. மேலே இரண்டு, மூன்று தளங்களில் அறை அறையாகத் தடுத்த வீடு. போதாதற்கு, காணி சிறியது என்பதால் மேல்தளங்கள் மூன்று, நான்கு அடி வீதிப்பக்கமாக நீட்டப்பட்டிருக்கும்.

மெல்லிய கால்களுள்ள ஒரு மேசையின் மேல் கனமான பெட்டியை வைத்து மேசையை ஆட்டினால், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. கால்கள்தான் முறியும். மேல்தளங்கள் சுவர்களால் இறுகிப் பெட்டியாகிவிட்டன. ஆட்டம் முழுவதையும் கீழ்த்தளத் தூண்கள் மட்டும் வாங்கிக்கொள்கின்றன. இதைத்தான் மென்தளம் என்கிறார்கள். துருக்கியில் சப்பளிந்த கட்டடங்கள் பலவற்றின் கதை இதுதான். கீழே உயரமான கடை, மேலே வீதிக்கு நீட்டிய வீடுகள். அவர்களின் கடைவீதிக்கும் எமது கடைவீதிக்கும் தோற்றத்தில் அதிக வித்தியாசமில்லை.

2001 ஜனவரி 26 ஆம் திகதி குஜராத்தின் பூஜ் பகுதியை அதிர்வு தாக்கியபோது, 200 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல மாடிக் கட்டடங்கள் விழுந்தன. விழுந்தவற்றில் பல, வாகனம் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தை வெறும் தூண்களோடு விட்டவை. சிலவற்றில் மேல்மாடித் தூண்கள் அத்திவாரம்வரை இறங்காமல், நீட்டிய பீமின் நுனியில் நின்றன. பாரம் இறங்கும் பாதை அந்தரத்தில் முறிந்த நிலை அது.

இரத்தினபுரியில் இது இன்னொரு சிக்கலோடும் சேர்கிறது. 2003 மே, 2017 மே என்று வெள்ளத்தை அனுபவித்தவர்கள் வீட்டைத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டுகிறார்கள். வெள்ளத்துக்கு அது புத்திசாலித்தனமான தீர்வு. ஆனால் கீழ்ப்பகுதியை வெறும் தூண்களோடு விட்டால் அதுவே மென்தளமாகிவிடும். ஒன்றுக்காக மற்றதைக் கைவிடத் தேவையில்லை. நான்கு மூலைகளிலும், இரண்டு திசைகளிலும் சில அடி அகலமான கொங்கிரீட் சுவர்களை அத்திவாரத்திலிருந்தே எழுப்பி, தூண்களை அடியிலும் பீம்களால் பிணைத்தால், தண்ணீர் நடுவால் போய்விடும், கட்டடமும் உறுதியாக நிற்கும்.

சரிவில் நிற்கும் கட்டடம்

சபரகமுவவின் தனிப் பிரச்சினை இது. வீதியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி. பின்னால் ஓடைப்பக்கமாகப் போய்ப் பார்த்தால் நான்கு மாடி. வீதிப்பக்கத் தூண் 5 அடியில் பாறையைத் தொட்டுவிடுகிறது, பின்பக்கத் தூணோ 10 அடி கீழே இறங்குகிறது. இரண்டும் ஒரே பருமன், ஒரே கம்பி. நீளமான தூண்தான் பலவீனமானது, அதற்குத்தான் ஆபத்து என்று நாம் நினைப்போம்.

உண்மை நேரெதிரானது. ஒரு நீண்ட குச்சியை வளைப்பது இலகு, அதையே பாதியாக முறித்துவிட்டு வளைத்துப் பாருங்கள், எவ்வளவு சிரமம்! தூணின் உயரம் பாதியானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. மேலே உள்ள சிலெப் எல்லாத் தூண்களையும் ஒரே அளவு தூரம் இழுக்கிறது. வளைந்து கொடுக்கும் நீளத்தூண் தப்பிக்கொள்ளும். வளைய மறுக்கும் குட்டைத்தூண் எட்டு மடங்கு விசையைத் தன் மேல் இழுத்துக்கொண்டு குறுக்காக வெடிக்கும். சரிவுக்குக் குறுக்காக நிலம் ஆடினால், விறைப்பான மேல்பக்கத்தைச் சுற்றிக் கட்டடம் முறுகவும் செய்யும். முன்னர் சொன்ன கதவின் கதைதான்.

இதே குட்டைத்தூணை நாமே அறியாமல் சமதரையிலும் உருவாக்குகிறோம். வகுப்பறைகளில் தூண்களுக்கிடையே பாதி உயரத்துக்குச் சுவர் கட்டி, மேலே முழுவதும் ஜன்னல் வைக்கிறோம் அல்லவா? சுவர் பிடித்துக்கொள்வதால் தூணில் அசையக்கூடிய பகுதி மேல்பாதி மட்டும்தான். பல நாடுகளின் நில அதிர்வுகளில் பாடசாலைத் தூண்கள் ஜன்னல் மட்டத்தில் வெடித்திருப்பதற்கு இதுவே காரணம். 2005 ஒக்டோபர் 8 ஆம் திகதி, ரமழான் மாதத்தின் காலைப் பொழுதில் பாகிஸ்தானின் கஷ்மீர் பகுதியில் நடந்த அதிர்வில் 70,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். வகுப்பறைகளில் இருந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளும் அவர்களில் அடங்குவர்.

நில அதிர்வு இல்லாமலே மலைநாட்டுக் கட்டடம் விழும் என்பதற்கு அயல் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2020 செப்டம்பர் 20 ஆம் திகதி கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடமொன்று சரிந்து, அருகிலிருந்த வீட்டில் உறங்கிய இளம் தம்பதியரும் அவர்களின் கைக்குழந்தையும் உயிரிழந்தனர். கட்டியவர் ஒருவர், இழந்தவர் இன்னொருவர். சரிவில் எழும் கட்டடம் அதன் உரிமையாளருடைய விவகாரம் மட்டுமல்ல, கீழே வசிக்கும் அயலவரின் உரிமையும் அதில் இருக்கிறது.

பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும்

இதை நாம் நமக்குள் பேசிக்கொள்ளவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் ஊரே ஒரே கூரையின் கீழ் கூடுகிறது. அந்தக் கட்டடத்தின் வடிவத்தில் மேற்சொன்ன பல அம்சங்கள் இயல்பாகவே ஒன்றுசேர்கின்றன.

கிப்லா எமக்கு மேற்கிலிருந்து சற்று வடக்காக இருக்கிறது. வீதியோ தன் போக்கில் போகிறது. வீதிக்கு இணையாக முகப்பையும், கிப்லாவுக்கு இணையாகத் தொழுகை மண்டபத்தையும் அமைக்கும்போது நடுவில் முக்கோண வடிவ அறைகள் உருவாகின்றன. தூண் வரிசைகள் ஒன்றுக்கொன்று சாய்வாகிவிடுகின்றன. ஸஃப் முறியக்கூடாது என்பதற்காக மண்டபத்தின் நடுவில் தூண்களைக் குறைக்கிறோம். மிஹ்ராப் சுவர் முழுச்சுவர், மற்ற மூன்று பக்கங்களும் கதவும் ஜன்னலும். உச்சியில் கனமான கொங்கிரீட் குப்பா. மூலையில் மண்டபத்தோடு ஒட்டிய உயரமான மினாரா. அது ஒரு வேகத்தில் ஆடும், பதிவான மண்டபம் வேறொரு வேகத்தில் ஆடும். பிறகு பெண்கள் பகுதிக்கு ஒரு மாடி, குர்ஆன் மத்ரஸாவுக்கு இன்னொரு மாடி, மொட்டைமாடியில் வுழூவுக்குத் தண்ணீர்த் தாங்கி. முதல் வரைபடத்தில் இவை எவையும் இருந்ததில்லை.

2016 டிசம்பர் 7 ஆம் திகதி இந்தோனேசியாவின் அச்சே, பிடி ஜயா பகுதியில் 6.5 அளவிலான அதிர்வில் ஏராளமான பள்ளிவாசல்கள் இடிந்தன, சேதமடைந்தன. துருக்கியின் அந்தாக்கியாவில் புகழ்பெற்ற ஹபீப் நஜ்ஜார் பள்ளிவாசலும் 2023 இல் வீழ்ந்தது. குப்பாவும் மினாராவும் வேண்டாம் என்பதல்ல எமது கருத்து. மினாராவைத் தனி அத்திவாரத்தில், மண்டபத்திலிருந்து போதிய இடைவெளியில் எழுப்பலாம். குப்பாவைப் பாரம் குறைந்த பொருளில் செய்யலாம். மண்டபத்தை மட்டும் கிப்லா நோக்கிய தனிச் செவ்வகமாக வைத்து, அலுவலகத்தையும் வுழூ பகுதியையும் பிரித்து அமைக்கலாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகள் ஜமாஅத்தின் பணத்துக்கு மட்டுமல்ல, உயிர்களுக்கும் அமானிதம் சுமந்தவர்கள். நிர்வாக சபை மாறும்போது கணக்குப் புத்தகம் கைமாறுகிறது. அதோடு கட்டடத்தின் வரைபடமும், அத்திவாரம் எத்தனை மாடிக்குப் போடப்பட்டது என்ற பொறியியலாளரின் குறிப்பும் கைமாறவேண்டும். எத்தனை ஊர்களில் அப்படி ஓர் ஆவணம் அலுமாரியில் இருக்கிறது?

என்ன செய்யலாம்?

புதிதாகக் கட்டுவோர் முதலில் சதுரத்தையோ செவ்வகத்தையோ தெரிவுசெய்யட்டும். நீளம் அகலத்தின் மூன்று மடங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. உறுதியான சுவர்கள் இரண்டு திசைகளிலும், நான்கு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கட்டும். கதவையும் ஜன்னலையும் மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். அத்திவார மட்டத்திலும், லின்டல் மட்டத்திலும், கூரை மட்டத்திலும் சுற்றிவர பீம் ஓடவேண்டும். மேல்மாடித் தூண் ஒவ்வொன்றும் அத்திவாரம்வரை நேராக இறங்கவேண்டும். தண்ணீர்த் தாங்கியை ஒரு மூலையில் ஒதுக்காமல், உறுதியான தூண்களுக்கு மேலே, இயன்றவரை நடுவில் வையுங்கள்.

சரிவில் கட்டுவோர் மண்ணை வெட்டுவதற்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தை அணுகவேண்டும். மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் அதன் அறிக்கை பெறுவது வெறும் சடங்கல்ல. மேட்டை நெட்டாக வெட்டி, அந்த வெட்டுக்கு ஒட்டியபடி சுவரெழுப்புவதைத் தவிருங்கள். மழைநீர் வடிந்தோட வழி செய்யுங்கள். குட்டைத்தூண்களையும் நெட்டைத்தூண்களையும் ஒரே மாதிரிக் கம்பியோடு விடாமல், விறைப்பைச் சமப்படுத்தும் வழியைப் பொறியியலாளரிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் இடிக்கத் தேவையில்லை. கடையை விசாலமாக்குவதற்காக இருக்கும் சுவரை அகற்றாதிருந்தாலே பாதி நன்மை. கீழ்த்தளத்தில் இரண்டு திசைகளிலும் சில இடங்களிலாவது தூண்களுக்கிடையே சுவரை நிரப்ப முடியுமா என்று ஆலோசனை பெறலாம். எதிர்கால மாடிக்காக மேலே நீட்டிவிட்ட கம்பிகள் வருடக்கணக்காக மழையில் துருப்பிடித்திருந்தால், அவற்றை நம்பி அடுத்த தளத்தை ஏற்றாதீர்கள். உள்மூலைகளிலும் தூணின் தலைப்பிலும் புதிய வெடிப்புத் தெரிந்தால் பூசி மறைப்பதற்கு முன் காட்டிக் கேளுங்கள்.

எமது மேசன் பாஸ்மார்களின் கைத்திறனில் குறையில்லை. ஆனால் பக்கவாட்டு விசையைக் கணக்கிடுவது பொறியியலாளரின் வேலை. பல ஊர்களில் எமது பிள்ளைகளே பொறியியல் கற்றுப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை பள்ளிவாசலில் அவர்களை அமரவைத்து, ஊரவர் தமது வரைபடங்களைக் கொண்டுவந்து இலவசமாக ஆலோசனை பெற ஏற்பாடு செய்வதற்குப் பெரிய செலவில்லை. அந்த ஏற்பாட்டில் அயலிலுள்ள தோட்ட மக்களையும் சேர்த்துக்கொண்டால் அது இன்னும் பெரிய நன்மை.

கம்பிக்கும் சீமெந்துக்கும் பணம் வேண்டும். வடிவத்துக்கு அப்படியல்ல. காகிதத்தில் இருக்கும்போது ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோட்டைப் போட ஒரு சதமும் செலவாகாது. அதே கோடு கொங்கிரீட்டாக இறுகிய பிறகு மாற்றுவதற்கு இலட்சங்கள் வேண்டும். ஆகவே அடுத்த அத்திவாரக் கல்லை நடுவதற்கு முன், வரைபடத்தை ஒருமுறை மேசையில் விரித்து வைத்து, அழகாக இருக்கிறதா என்று கேட்பதோடு, பக்கவாட்டில் தள்ளினால் இது எங்கே முதலில் உடையும் என்றும் கேட்போம்.